சாரல் மேல் பழி போடாதீர்கள்

வைகாசிக் கடைசியில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி–குற்றாலம் சாலையில் ஒரு காட்சி தவறாது. மேலகரத்தைத் தாண்டி எங்காவது ஒரு பழைய அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ பானட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்கும். தலையில் துண்டைப் போட்டபடி ஒருவர் உள்ளே குனிந்திருப்பார். செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. பத்து நிமிடத்தில் நான்கு பேர் கூடிவிடுவார்கள். "சாரல்ல கரண்ட் இறங்கிரும், அண்ணாச்சி" என்பார் ஒருவர். "காயில் போச்சு, வேற மாத்தும்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் பிளக்கைக் கழற்றச் சொல்வார். நான்காமவர் பெட்ரோல் பங்க்கைத் திட்டுவார்.

என்னிடம் இருப்பது 1978ஆம் ஆண்டு மார்க் 3 அம்பாசடர், பெட்ரோல் வண்டி. இருபது சீசன்களாக அதே சாலையில் ஓட்டுகிறேன். அந்த நான்கு பேரின் பேச்சையும் வெவ்வேறு சமயங்களில் நம்பிச் செலவு செய்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்பவர்கள் இல்லை. மழையில் நின்று உதவ வந்தவர்கள். ஆனால் ஸ்பார்க்கைப் பற்றி நம்மிடையே புழங்கும் நம்பிக்கைகளில் பாதி பழுதானவை. அவற்றைப் பிரித்துச் சொல்லவே இந்தப் பத்தி.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். 1980 வாக்கில் டீசல் அம்பாசடர் வந்த பிறகு வாடகை வண்டிகள் பெரும்பாலும் அதற்கு மாறிவிட்டன. டீசல் இன்ஜினில் ஸ்பார்க்கே கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர் சொல்லும் அனுபவம் உங்கள் பெட்ரோல் வண்டிக்குப் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை.

ஸ்பார்க் பிறக்கும் விதம் தெரிந்தால் மற்றவை தானே விளங்கும். 12 வோல்ட் பேட்டரி காயிலின் முதன்மைச் சுற்றில் மின்சாரத்தை ஓடவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் அதைப் பட்டென்று துண்டிக்கிறது. பம்புசெட்டில் வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று வால்வை மூடி நிறுத்தினால் குழாய் அதிர்ந்து உதறுமே, அதே சங்கதிதான். அந்த உதறல் காயிலின் துணைச் சுற்றில் 20,000 வோல்ட் வரை எழும்பி, ரோட்டார் வழியாக, முறை வந்த பிளக்குக்குப் போய்ப் பொறியாகிறது. துண்டிப்பு சுத்தமாக நடக்க உதவுவது கண்டன்சர். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் வகுத்து 1910களின் தொடக்கத்தில் காடிலாக் காரில் வந்த அமைப்பு இது. உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரும் பம்பாயில் தயாரான பத்மினியும் நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே வழியில்தான் பொறி மூட்டின.

"ஈரக் காத்துல ஸ்பார்க் செத்துரும்"

இல்லை. காற்றில் கலந்திருக்கும் ஈரம் பிளக் முனையில் எதையும் அணைப்பதில்லை. இன்ஜின் சாரல் காற்றை இழுத்துக்கொண்டே நன்றாக ஓடும். ஈரம் கெடுப்பது வெளிப்பரப்பை. டிஸ்ட்ரிபியூட்டர் கேப், காயிலின் கழுத்து, பிளக் வயர்கள், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் ஆகியவற்றின் மேல் வருடக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும். காய்ந்திருக்கும்வரை அது சும்மா கிடக்கும். கிரில் வழியே ஃபேன் இழுத்துவரும் துமியோ, லாட்ஜ் வாசலில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பனியோ அதன் மேல் படிந்தால் அதுவே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். பிளக் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதைவிட அந்த ஈரப் பிசுக்கின் மேல் நழுவி இன்ஜின் இரும்புக்கு ஓடுவது அதற்குச் சுலபம்.

அதனால்தான் ஐந்தருவி வாகன நிறுத்தத்தில் ஒரே சாரலில் நனைந்த இரண்டு அம்பாசடர்களில் ஒன்று முதல் சாவியிலேயே கிளம்புகிறது, மற்றது படுத்துக்கொள்கிறது. மழை இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டாவது வண்டியின் கேப் ஏற்கெனவே கெட்டிருந்தது.

கேப்பைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பித்தளை முனையிலிருந்து இன்னொன்றுக்கு மயிரிழை போலக் கறுப்புக் கோடு ஓடினால், செடியின் சல்லிவேர் போலக் கிளை விட்டிருந்தால், அது மின்சாரம் எரித்துப் போட்ட கரித்தடம். துடைத்தால் போகாது; வெயில் அடித்தாலும் போகாது. பிளேடால் சுரண்டினால் இரண்டு நாள் ஓடும், பிறகு அதே இடத்தில் மீண்டும் வரும். அந்தக் கேப்பை மாற்றத்தான் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு இருட்டைவிட நல்ல கருவி இல்லை. ஓர் இரவு இலஞ்சியில், தெருவிளக்கு இல்லாத இடத்தில் வண்டியை ஓடவிட்டுப் பானட்டைத் திறந்தேன். மூன்றாவது பிளக் வயரிலிருந்து வால்வு மூடிக்கு நீலமாக ஒரு கீற்று விட்டுவிட்டு மினுங்கியது. பகலில் அந்த வயர் பளபளவென்று புதிது போலத்தான் இருந்தது. இஸ்திரி போடுபவர் வைத்திருப்பது மாதிரியான தெளிப்பான் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வயர்களின் மேல் ஒரு தூவல் போதும், குற்றாலத்தையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாம். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையின்போது பக்கத்தில் நிற்கவே வேண்டாம்.

இது நம் ஊருக்கு மட்டுமான தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1959இல் இங்கிலாந்தில் வந்த மினி காரில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்தது. மழையில் வண்டிகள் வழியெல்லாம் நின்றன. மறைப்புத் தகடும் உறையும் போட்டுத்தான் சமாளித்தார்கள். கேப்பை ஈரமில்லாத சுத்தமான துணியால் துடைப்பது இன்றைக்கும் முதல் வைத்தியம். டபிள்யூ.டி.40 அடித்தால் நீர் விலகும், வண்டி கிளம்பும். அது அந்த நேரத்து உதவி, பழுதுக்கு மருந்தாகாது. பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைப்பது மட்டும் கூடவே கூடாது. அடுத்த பொறி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது.

"காயில் போச்சு"

நான் அதிகம் செலவழித்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆரியங்காவுக்குப் போகும் வழியில், புளியரை ஏற்றத்து வளைவில் வண்டி இருமி இருமி நின்றது. அரை மணி நேரம் ஆறவிட்டால் கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். காயிலை மாற்றினேன். பிறகு கண்டன்சர், பிறகு பிளக்குகள் நான்கும். "சூட்டுல பெட்ரோல் ஆவியாகி லாக் ஆகுது" என்று ஒருவர் சொல்ல, பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணியும் சுற்றினேன். சமவெளியில் ஒன்றுமில்லை, ஏற்றம் வந்தால் அதே இருமல்.

கடைசியில் செங்கோட்டையில் வயதான மெக்கானிக் ஒருவர் கேப்பைக் கழற்றினார். வெளியிலிருந்து வந்து உள்ளே பாயிண்டுக்குப் போகும் விரல் நீள வயரை இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தார். ரப்பர் மாதிரி நீண்டது. மேலுறை முழுதாக இருந்தது. உள்ளே செம்புக் கம்பிகள் அத்தனையும் அறுந்து, முனைகள் உரசிக்கொண்டுதான் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் அளவுக்குத் தக்கபடி வேக்குவம் இழுத்துத் திருப்பும். ஏற்றத்தில் மிதி கூடும்போது தட்டு நகரும், வயர் வளையும், அறுந்த முனைகள் விலகும். நாற்பது வருடமாக ஆயிரமாயிரம் முறை வளைந்த வயர் அது. அவர் புது வயர் வைத்த பிறகு அதே ஏற்றத்தில் வண்டி ஒருமுறைகூட நின்றதில்லை. மாற்றும்போது மெல்லிய இழைகள் நிறைய உள்ள, நன்றாக வளையும் வயராகப் பாருங்கள். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய தடித்த வயரைத் திணித்தால் தட்டு நகராது, கொஞ்ச நாளில் அதுவும் அறுந்துபோகும். அதே தட்டை எர்த்தோடு இணைக்கும் குட்டி வயர் ஒன்றும் உள்ளே உண்டு. அதையும் இழுத்துப் பாருங்கள்.

காயில் கெடவே கெடாது என்று சொல்ல மாட்டேன். சாவியை ஆனில் மறந்து விட்டுவிட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுபோனால் காயில் சூடேறி வீணாகும். ஆனாலும் அசையும் பாகம் எதுவும் இல்லாத பொருள் அது. அதற்கு முன்னாலிருக்கும் ஸ்க்ரூ, வயர், சுவிட்ச், எர்த் எல்லாம்தான் முதலில் தளர்பவை.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். சாதாரண 12 வோல்ட் காயிலின் முதன்மைச் சுற்றின் தடை ஏறக்குறைய 3 ஓம். ஆக 4 ஆம்பியர் ஓடும். வழியில் ஏதோ ஓர் இணைப்பு கறுத்துப்போய் 1 ஓம் தடை கூடிவிட்டால் ஓடுவது 3 ஆம்பியர்தான். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16 பங்கு இருந்த இடத்தில் 9 பங்குதான் மிஞ்சும். ஒரேயொரு துருப்பிடித்த முனை ஸ்பார்க்கின் பலத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடுகிறது. புதுக் காயில் போட்டாலும் அந்த முனை அங்கேயேதான் இருக்கும்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினாலும் கணக்கு இதேதான். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் பழைய குற்றாலத்திலிருந்து ஊருக்குள் வர ஒரு மணி நேரம் ஊர்கிறோம், வைப்பர் ஓட, ஹெட்லைட் எரிய. டைனமோ உள்ள பழைய வண்டிகள் அந்த வேகத்தில் சார்ஜே ஏற்றுவதில்லை. பிறகு செல்ஃப் அடித்தால், இருக்கிற கொஞ்சத்தையும் மோட்டார் தின்றுவிட்டுக் காயிலுக்கு மிச்சத்தைத் தருகிறது. "தள்ளினா கிளம்புது, அப்போ காயில் வீக்" என்று அப்போது சொல்வார்கள். நேர் மாறாக எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளினால், அல்லது அம்பாசடருக்கே உரிய ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் கிளம்புகிறது என்றால் காயில் நன்றாக இருக்கிறது. பேட்டரியையும் அதன் முனைகளையும் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் பாருங்கள்.

"வெளிய அடிக்குதுல்லா, அப்போ உள்ளயும் அடிக்கும்"

பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து, பொறி தெரிகிறதா என்று பார்ப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. பொறி வரவே இல்லையென்றால் அந்தச் சோதனை உண்மை சொல்லும். வந்தால், அதை நம்பி நிம்மதியாக முடியாது. திறந்த வெளியில் பிளக் இடைவெளியைத் தாண்ட இரண்டு மூன்றாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் பல மடங்கு அழுத்தப்பட்டிருக்கும். அங்கே அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வோல்ட் வேண்டும். வெளியே சிரித்துக்கொண்டு அடிக்கும் பிளக் உள்ளே ஊமையாகிவிடலாம்.

நிறத்தை வைத்துச் சொல்வதும் அரைகுறை. நீலப் பொறி நல்லது, மஞ்சள் மோசம் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பகல் வெளிச்சத்தில் நிறம் கண்ணை ஏமாற்றும். நம்பகமானது தூரம். பக்கவாட்டு முனையை வெட்டிய பழைய பிளக் ஒன்றைக் காயிலிலிருந்து வரும் நடு வயரில் மாட்டி, இன்ஜினோடு இறுக்கிக் கட்டி, செல்ஃப் அடித்துப் பாருங்கள். 5, 6 மில்லிமீட்டரைப் பொறி 'டக் டக்'கென்று ஓசையோடு தாண்டினால் காயில், கண்டன்சர், பாயிண்ட் மூன்றும் சுகம்; பழுது அதற்கு அப்பால், ரோட்டார், கேப், வயர், பிளக் பக்கம். தாண்டவில்லையென்றால் இந்தப் பக்கம். தேட வேண்டிய இடம் ஒரே சோதனையில் பாதியாகிறது. கார்பரேட்டரை விட்டுத் தள்ளிச் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி விளையாட்டு வேண்டாம். ஓடும் இன்ஜினில் வயரைப் பிடுங்கி வெறுமனே தொங்கவிடுவதும் தவறு. போக்கிடம் இல்லாத அந்த வோல்ட் காயிலின் உள்ளேயே மேலுறையைத் துளைத்துக்கொண்டு போகும்.

ரோட்டாருக்குத் தனிச் சோதனை உண்டு, பலருக்குத் தெரியாது. கேப்பைக் கழற்றிவிட்டு, நடு வயரின் முனையைக் காப்புள்ள குறடால் பிடித்து, ரோட்டாரின் பித்தளைக்குச் சற்று மேலே வைத்துப் பாயிண்ட்டைத் திறந்து மூடுங்கள். ரோட்டாருக்குப் பொறி தொடர்ந்து பாய்ந்தால் அதன் கறுப்பு உடலில் எங்கோ ஓட்டை; மின்சாரம் கீழே தண்டுக்குள் ஒழுகுகிறது. பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது.

"பாயிண்ட்டை உப்புத்தாள்ல தேச்சா சரியாயிரும்"

தேய்த்த உடனே கிளம்பும். அதனால்தான் இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. உப்புத்தாளின் மணல் துகள்கள் பாயிண்ட்டின் முகத்தில் புதைந்துவிடும். அவை மின்சாரம் கடத்தாதவை. ஒரு வாரத்தில் முகம் முன்னைவிட மோசமாகக் கருகும். தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் தேய்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கெடுதல் அதுவும் இதேதான். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு வெள்ளைக் காகிதத்தை நடுவில் வைத்துக் கறை வராதவரை இழுப்பது, இவ்வளவுதான் செய்யத்தக்கது. குழியும் மேடுமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

இடைவெளி வைப்பதில் ஹாக்ஸா பிளேடைச் செருகும் பழக்கம் ஒன்று உண்டு. ஹாக்ஸா பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.63 மில்லிமீட்டர். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. இன்ஜினுக்குப் பிளக் இடைவெளி கிட்டத்தட்ட அதேதான், ஆகவே பிளக்குக்கு அந்தப் பிளேடு பொருந்தும். பாயிண்ட்டுக்கு வேண்டியது 0.35 முதல் 0.40 வரை. அங்கேயும் பிளேடைச் செருகினால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறையும்; காயில் நிரம்புவதற்குள் திறந்துவிடும். நின்ற இடத்தில் வண்டி அருமையாக ஓடும், வேகம் எடுத்தால் மிஸ்ஸிங் அடிக்கும். டைமிங்கும் முன்னே நகர்ந்திருக்கும். ஒரு ஃபீலர் கேஜ் வாங்கி வையுங்கள். இடைவெளியைத் தொட்டால் டைமிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கண்டன்சரைப் பற்றி ஒரு வேண்டுகோள். பத்மினியும் அம்பாசடரும் தயாரிப்பு நின்றுபோன வண்டிகள். அம்பாசடர் 2014இல் நின்றது. இப்போது கிடைக்கும் பாகங்களின் தரம் ஆளுக்கு ஆள், பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. "புதுசு போட்டாச்சே, அதுல இருக்காது" என்பது இன்றைய தேதியில் மிகவும் ஆபத்தான நம்பிக்கை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டன்சரையும் ரோட்டாரையும் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் பழையதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

பென்சில் சோதனை

காயிலில் இரண்டு வயர்கள். மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும். ஓடுவதால் தவறு தெரிவதில்லை. பிளக்கின் நடுமுனை சூடாக இருக்கும். எலக்ட்ரான் சூடான முனையிலிருந்து கிளம்புவது சுலபம். வயர் மாறியிருந்தால் பொறி எதிர்த் திசையில் குதிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு வோல்ட் கணிசமாகக் கூடுதல் வேண்டும். சாதாரண நாளில் சமாளிக்கும் காயில், பேட்டரி இறங்கிய ஈரக் காலையில் தோற்பது இங்கேதான். பாஸிட்டிவ் எர்த்தாக இருந்து பின்னால் நெகட்டிவுக்கு மாற்றப்பட்ட பழைய வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிளக் வயரின் முனையைப் பிளக்கிலிருந்து சற்றுத் தள்ளிக் காப்புள்ள குறடால் பிடித்து, நடுவில் பென்சிலின் கூரான கரிமுனையை நீட்டுங்கள். பென்சிலுக்கும் பிளக்குக்கும் இடையே பொறி விரிந்து சிவந்தால் இணைப்பு சரி. வயர் பக்கம் விரிந்தால் காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள். காசு செலவில்லாத மருந்து இது.

இன்னும் சில நம்பிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்போர்ட்ஸ் காயில் போட்டால் இழுவை கூடாது. பிளக் கேட்கும் வோல்ட்டுக்கு மேல் எந்தக் காயிலும் அங்கே கொட்டுவதில்லை. "மலைப் பக்கம் வந்தா ஸ்பார்க் குறையும்" என்பதும் தவறு. குற்றாலம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட இல்லை, உண்மையான உயரத்திலும் கெடுவது பெட்ரோல்–காற்றுக் கலவை. பிளக் கறுத்திருப்பது பிளக்கின் குற்றமும் அல்ல. உலர்ந்த கரி என்றால் கலவையில் பெட்ரோல் கூடுதல், சோக் முழுதாகத் திரும்பவில்லையா பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் தேய்மானம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஸ்பார்க்கைத் தொடுவதில்லை. அது கலவையை மெலியவைத்துக் காலைக் கிளப்பலைக் கடினமாக்கும், அறிகுறி மட்டும் ஸ்பார்க் கோளாறு போலவே இருக்கும்.

இந்த வருடம் சாரல் தொடங்கும் முன், மே மாதத்து ஞாயிறு ஒன்றை வண்டிக்கு ஒதுக்குங்கள். எர்த் பட்டையின் இரு முனைகளையும் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். கேப்பின் உட்புறத்தை வெயிலில் காட்டிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அந்த விரல் நீள வயரை இழுத்துப் பாருங்கள். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துவிட்டு, இரவானதும் விளக்கை அணைத்து ஒரு தூவல் தண்ணீரோடு வயர்களைக் கவனியுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஸ்பார்க் பலவீனமாக இருந்தால் மட்டும் காயில் வாங்கக் கடைக்குப் போங்கள்.